சிம்மில் நிற்காத அடுப்பு

பிறை 1, வியாழன்

முதல் நோன்பு அன்றே கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

முப்பத்து நாலு வருஷமாக இந்தக் கடையநல்லூர் வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய்ச்சினேன், பழைய இரண்டு பர்னர் அடுப்பில் காய்ச்சினேன். ஒரு நாள்கூட அடிப்பிடித்ததில்லை. ஒரே ஒரு தடவை பிடித்தது, மகன் ரிஸ்வான் வயிற்றில் இருந்த வருஷம். அதை நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாம் அந்த ரிஸ்வான் செய்த வேலை. சவுதியில் தம்மாமிலிருந்து லீவுக்கு வந்தவன் சும்மா இருந்தானா? "உம்மாக்கு நல்ல அடுப்பு" என்று மேடையை வெட்டிக் கறுப்புக் கண்ணாடி அடுப்பு ஒன்றைப் பதித்துவிட்டுப் போனான். நாலு பர்னர். குமிழைத் திருப்பினால் டிக் டிக் என்று தானே பற்றிக்கொள்ளும். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கஞ்சி மட்டும் காய்ச்ச முடியாது.

குருணையும் சிறுபருப்பும் வெந்து குழைந்த பிறகு தேங்காய்ப்பாலை ஊற்றிச் சிம்மில் ஒரு மணி நேரம் விட வேண்டும். நடுவில் ஒரு குமிழி வந்து உடைய வேண்டும், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவ்வளவுதான் கொதி. இந்த மகராசன் அடுப்பில் ஆகச் சின்ன பர்னரை ஆகக் குறைத்து வைத்தாலும் கஞ்சி கிடந்து குதிக்கிறது. நோன்பு வைத்திருப்பவள் குடித்துப் பார்க்கவும் முடியாது. தீய்ந்த வாசமும் பட்டை, புதினா வாசத்தில் அமுங்கிப்போகிறது. பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் கடித்து, முதல் வாய் உள்ளே போன பிறகுதான் லட்சணம் தெரிகிறது.

இவரும் நோன்பு வைத்திருக்கிறார். அதை இன்றைக்கு எழுதினால் பேனா முறிந்துவிடும்.

பிறை 2, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். இவருக்குச் சர்க்கரை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். போன நோன்பில் ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் குளியலறைத் தரையில் கிடந்தார். நான் கதவைத் தள்ளிப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கவில்லை, நினைக்கவும் மாட்டேன். சர்க்கரை பார்க்கிற மெஷின் 42 காட்டியது. இந்த வருஷம் டாக்டர் என் முன்னாலேயே சொன்னார்: "ஐயா, ஊசி போட்டுக்கிட்டு நோன்பு வேண்டாம். மறுபடி இப்படி இறங்குனா எழுப்ப முடியாமப் போயிரும்." பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார், நோயாளிக்கு விலக்கு உண்டு, பாவம் ஒன்றும் கிடையாது என்று.

இவர் கேட்டாரா? "ஒம்பது வயசுல பிடிக்க ஆரம்பிச்சேன். மே மாச வெயில்ல இன்ஜின் சூட்டுல பஸ் ஓட்டும்போதே ஒண்ணு விட்டதில்ல. இப்ப ஃபேனுக்கடியில உக்காந்துக்கிட்டு விடணுமோ? பள்ளியில நாலு பேரு மொகத்துல எப்படி முழிக்க?"

யார் அந்த நாலு பேர் என்று கேட்டேன். அறுபத்தாறு வயசு மனுஷனோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது என்று அடுப்போடு மல்லுக்கட்டப் போனேன். அங்கேயும் தோல்வி. கஞ்சி நேற்றைவிட மோசம்.

பிறை 3, சனி

குமிழைச் சிம்முக்கும் கொஞ்சம் இந்தப் பக்கம், நிற்கிற மாதிரியும் நிற்காத மாதிரியும் நிறுத்தினேன். தீ குறைந்தது. அப்பாடா என்று திரும்பினால் பொசுக்கென்று அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது. பதினோரு தடவை. கேஸ் வாசத்தில் தலை சுற்றி ஜன்னலைத் திறந்தால், காற்றுக்குப் பன்னிரண்டாவது தடவையும் அணைந்தது. கடைசியில் பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல்லை வைத்தேன். கஞ்சி தப்பியது, ஆனால் கல்லோரம் கை பட்டுச் சூடு.

இவர் பகலெல்லாம் படுத்தே கிடந்தார். "தூக்கம்" என்றார். தூங்குகிறவருக்கு எதற்கு அப்படி வேர்க்கிறது?

பிறை 4, ஞாயிறு

இரண்டு தோசைக்கல் வைத்துப் பார்த்தேன். கஞ்சி வேகவே இல்லை.

பிறை 5, திங்கள்

ஒரே கல்லுக்குத் திரும்பினேன், அடிப்பிடித்துவிட்டது. அக்கா, அண்ணன் முறைக்கு என்னை லாத்தா என்றும் இவரைக் காக்கா என்றும் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு ரஹீமாவுக்கு வருஷா வருஷம் ஒரு தூக்குவாளி கஞ்சி கொடுப்பது வழக்கம். வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "லாத்தா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். என் கஞ்சியைக் குடித்துவிட்டு என் உடம்பை விசாரிக்கிறாள். மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

அது பெரிதில்லை. அஸருக்குப் பிறகு இவர் கை நடுங்கியது. மெஷினில் 64. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாங்குக்கு ஐம்பது நிமிஷம் இருந்தது. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த மனுஷன் வேண்டும். அவருக்கு முப்பது நோன்பு வேண்டும். கஞ்சி அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது, போய்ப் பார்க்கவில்லை.

பிறை 6, செவ்வாய்

இன்றைக்கு இவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். இந்த அடுப்பில் ருசி பார்க்க ஆள் இல்லாமல் கஞ்சி காய்ச்ச முடியாது.

"நுனி நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிரு. சமைக்கிறவங்களுக்கு அதுக்கு அனுமதி இருக்குல்லா" என்றார்.

"உப்பு ஒறப்புன்னா நுனி நாக்குக்குத் தெரியும். அடிப்பிடிச்சது தொண்டையில எறங்குனாத்தான் தெரியும்."

"அப்படி யாரு சொன்னா?"

"முப்பத்து நாலு வருசமாக் காய்ச்சுதவ சொல்லுதேன். இந்த வீட்ல குடிச்சுப் பாக்க அனுமதி உள்ள ஆளு நீங்க ஒருத்தருதான். டாக்டரும் சொல்லியாச்சு, ஹஜ்ரத்தும் சொல்லியாச்சு. ரஹீமா நேத்து ஒடம்பு எப்படின்னு கேட்டா. நாளைக்கு வாளிய வாங்கவே மாட்டா. என் மானம் போகட்டும்னா போகட்டும்."

தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "ஒன் மானத்துக்காகத்தான்" என்றார்.

வெறும் வயிற்றோடு பார்த்தால் எந்தக் கஞ்சியும் நன்றாகத்தான் இருக்கும், வயிற்றில் ஏதாவது கிடந்தால்தான் குறை தெரியும் என்று சொல்லி மத்தியானம் நாலு இட்லி வைத்தேன். முறைத்தார். ஆனால் தின்றார். இதில் என் தந்திரம் ஒன்றும் இல்லை. அடுப்பு அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய?

பிறை 8, வியாழன்

மத்தியானம் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, கொக்கி போட்டு, சமையலறைக் கதவையும் அடைத்துக்கொண்டு தின்கிறார். கள்ளச் சாராயம் காய்ச்சுகிற வீடு மாதிரி இருக்கிறது. வேர்வையில் எனக்குத்தான் மயக்கம் வருகிறது. விடியுமுன் சஹருக்கும் எழுந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அந்தியில் மஃரிபுக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் பள்ளிக்குப் போகிறார். போகட்டும். கை நடுங்கவில்லை. மெஷினில் 128.

பிறை 10, சனி

இவருக்கு இப்போது அடுப்படி அதிகாரம் முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கஞ்சி குதித்தால் பாத்திரத்தைத் தூக்குகிறார், அடங்கினால் வைக்கிறார், இடைக்கிடையே ஒரு கரண்டி குடிக்கிறார். "இஞ்சி தூக்கலா இருக்கு. வெந்தயம் பத்தல. பாத்திமா, இது என்ன தேங்கா, பாலே இல்ல?" முப்பத்து நாலு வருஷம் வாயைத் திறக்காமல் குடித்தவர். எனக்கு வருகிற கோபத்துக்குக் கரண்டியைப் பிடுங்கி மண்டையில் ஒன்று போடலாம்.

ரஹீமா வாளியை வழித்து நக்கிக் கழுவிக் கொண்டுவந்தாள். "லாத்தா கைப்பக்குவம் வந்துட்டு" என்றாள். என் கைப்பக்குவமாம்.

பிறை 12, திங்கள்

ரிஸ்வான் பேசினான். அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே புலம்பிவிட்டேன் போல. "உம்மா, அது சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான். தென்காசியில கடைக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு ஆளு வருவாரு" என்கிறான். வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான். இந்தப் பிள்ளைகளுக்கு எதிலும் அவசரம்.

பிறை 13, செவ்வாய்

மெக்கானிக் செபாஸ்டின் வந்தார். நாற்பது வயசு இருக்கும், பேச்சு அதிகமில்லை. குமிழைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு கம்பி, கம்பி ஓரத்தில் எள்ளு மாதிரி ஒரு ஸ்க்ரூ. மெல்லிசுத் திருப்புளியை விட்டு வலப்பக்கம் அரைச் சுற்றுக்கும் கம்மியாகத் திருகினார். தீ அப்படியே அடங்கி மல்லிகை மொட்டு அளவுக்கு வந்தது. அணையவும் இல்லை. ஃபேனைப் போட்டுக் காட்டினார், அப்போதும் அணையவில்லை. இரண்டு நிமிஷ வேலை.

"சிம் ஸ்க்ரூ லூசா வந்திருக்கும்மா. இனிமே பாலு வச்சுட்டு நீங்க கடைக்கே போயிட்டு வரலாம்" என்றார்.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த செபாஸ்டின் நல்ல மனுஷர்தான். ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது.

பிறை 14, புதன்

இப்படி ஒரு கஞ்சி என் ஆயுசில் வந்ததில்லை. கரண்டி போடாமலே பதமாக நின்றது. இவர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்தார்.

"அடுப்பு சரியாயிட்டு. இனி எனக்கு இங்க சோலி இல்ல. நாளையிலேருந்து பிடிக்கேன்" என்றார்.

பிறை 15, வியாழன்

பிடித்தார்.

ஐந்தேகாலுக்கு 51. சட்டை நனைந்திருந்தது. என்னை உற்றுப் பார்த்துவிட்டு ரிஸ்வான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். குளுக்கோஸ் கரைத்துக் கொண்டுபோனேன். "பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான், விடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டார். தாடையைப் பிடித்து அழுத்தி ஊற்றினேன். பாதி சட்டையில், பாதி வாயில். இத்தனை வருஷத்தில் இவர் மேல் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

தெளிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கும் பிடிப்பேன்" என்றார்.

கஞ்சி அருமையாக இருந்தது. தொட்டுப் பார்க்க எனக்கு மனசில்லை.

பிறை 16, வெள்ளி

இவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் அடுப்பு மறுபடி கெட்டுப்போய்விட்டது. பழைய மாதிரியே தீ குதிக்கிறது. எப்படிக் கெட்டது என்று என்னைக் கேட்டால்? கண்ணாடி அடுப்பு, அதுவாகக் கெடும். அந்த மெக்கானிக்குக்குத் தொழில் தெரியவில்லை.

தையல் மெஷினுக்கு எண்ணெய் போடலாம் என்று சின்னத் திருப்புளியை எடுத்தேன். அதைச் சமையல் மேடையில் மறந்து வைத்துவிட்டேன். பெருவிரல் நுனியில் ஒரு கொப்புளம். அது வேறு.

இவர் பள்ளியிலிருந்து வந்தார். பாத்திரம் தளதள என்று கொதித்துக்கொண்டிருந்தது. "பாருங்க இந்த அநியாயத்த" என்றேன். குனிந்து தீயைப் பார்த்தார். மேடையில் இருந்த திருப்புளியைப் பார்த்தார்.

"மத்தியானத்துக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

தோசை ஊற்றினேன். ஐந்து தின்றார்.

பிறை 18, ஞாயிறு

அடுப்பு மோசம். மெஷினில் 131.

பிறை 21, புதன்

ரிஸ்வானுக்கு அடுப்பு மறுபடி கெட்ட விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. இவர்தான் சொல்லியிருப்பார். கடைக்காரனைச் சும்மா விடமாட்டேன், மறுபடி அனுப்பச் சொல்கிறேன் என்று குதித்தான்.

"அனுப்பாத" என்றேன்.

"ஏன் உம்மா? நீங்கதான ஒரு வாரமாக் கண்ணீர் விட்டீங்க?"

"நோம்பு நேரத்துல வீட்டுக்குள்ள ஆம்பிளையாளு வந்து போறது எனக்குத் தோதுப்படல. பெருநாளைக்குப் பெறகு பாத்துக்கிடலாம்."

"போன தடவை வந்தப்ப டீ தரட்டுமான்னு நோம்போட அவருட்ட கேட்டீங்களாம். வாப்பா சொன்னாங்க."

இரண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வாங்குகிறார்கள். போனை வைத்துவிட்டேன்.

பிறை 24, சனி

ரஹீமா வீட்டுக்கு விருந்தாள் வருகிறார்களாம், இருபத்தேழாம் நோன்பு அன்று கஞ்சி கூடுதலாக வேண்டுமாம். பெரிய பாத்திரம் இறக்க வேண்டும். இந்த அடுப்பில் பெரிய பாத்திரமா என்று நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

இருபத்தேழை நினைத்தால் வேறு ஒன்றும் வருகிறது. மற்ற நாள் பிடிக்காதவன்கூட அன்றைக்குப் பிடிப்பான். இவர் பஸ்ஸில் திருச்செந்தூர் லைனில் ஓடியபோது அன்றைக்கு மட்டும் லீவு போட்டுப் பள்ளியிலேயே இருப்பார். காலையிலிருந்து தொப்பியைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறை 26, திங்கள்

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு தையல் மெஷின் டிராயரை இழுத்துக் குடைந்தார்.

"என்ன தேடுதீங்க?"

"அந்தச் சின்னத் திருப்புளி."

"எதுக்கு?"

"ஏ பாத்திமா, முப்பத்தோரு வருசம் பஸ் ஓட்டுனவன். ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பிக் கெடக்குன்னு எனக்குத் தெரியாதா?"

குமிழை இழுத்தார். அந்த மெக்கானிக் செய்த மாதிரியே கால் சுற்று, பிறகு இன்னும் கொஞ்சம். குனிந்து பார்த்துத் திருகித் திருகித் தீயை மொட்டாக்கினார். குமிழை மாட்டினார். திருப்புளியை என் கையில் கொடுக்கவில்லை, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் பெரிய பாத்திரம்லா. ஒனக்குச் செரமம் வேண்டாம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பத்து நாளாகத் தெரிந்தே நான் வைத்த இட்லியைத் தின்றிருக்கிறார். அதற்குச் சந்தோஷப்படுவதா, நாளையை நினைத்து அழுவதா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

பிறை 27, செவ்வாய்

சஹருக்கு எழுந்தார், சாப்பிட்டார், துவைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். பத்து மணிக்குத் திரும்பி வந்து ஓதிக்கொண்டிருந்தார். நோன்புக்கு நிய்யத்து வைத்தாரா, மனசில் என்ன நினைத்திருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சண்டை வரும், இருபத்தேழில் சண்டை வேண்டாம்.

பெரிய பாத்திரம் என்பதால் பன்னிரண்டுக்கே உலை வைத்தேன். லுஹர் தொழுதுவிட்டு நான் வந்தபோது தேங்காய்ப்பால் ஊற்றிச் சிம்மில் வைக்கிற பதம். வைத்தேன். நடுவில் ஒரு குமிழி வந்து உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. என்ன அழகாக நிற்கிறது இந்தத் தீ, சனியன்.

இட்லித் தட்டை மூடி வைத்திருந்தேன். அது மூடியபடியே இருந்தது.

ஒன்றரை மணிக்கு இவர் சமையலறைக்கு வந்தார். ஜன்னல் திறந்திருந்தது. நான் சாத்தப் போனேன். "கெடக்கட்டும், காத்து வரட்டும்" என்றார்.

தீயைப் பார்த்தார். "நல்லா நிக்கில்லா?"

"நிக்கி."

"அடிப்பிடிக்காதுல்லா?"

"பிடிக்காது" என்றேன். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

எட்டித் தம்ளரை எடுத்தார். கரண்டியால் கஞ்சியை மொண்டு தம்ளரில் ஊற்றினார், பாதிக்கு மேல். ஸ்டூலில் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தார். சரியாக அந்த நேரம் பார்த்து ரஹீமா ஜன்னலுக்கு வந்து நின்றாள், கையில் காலி வாளிகள்.

"லாத்தா, வாளி கொண்டாந்திருக்கேன்" என்றவள் இவரைப் பார்த்துவிட்டாள். தம்ளரையும் பார்த்துவிட்டாள்.

நான் முந்திக்கொண்டு, "காக்கா ருசி பாக்குறாங்க, இந்த அடுப்பு இருக்கு பாரு" என்று ஆரம்பித்தேன்.

"அடுப்புல ஒரு கோளாறும் இல்ல" என்றார் இவர். "எனக்கு நோம்பு இல்லம்மா. சுகரு. ஊசி போடுதேன். டாக்டர் வேண்டாம்னுட்டாரு, இந்த வருசம் மொதல்ல இருந்தே பிடிச்சிருக்கக் கூடாது."

"அதுக்கென்ன காக்கா? எங்க வாப்பாவும் ரெண்டு வருசமாப் பிடிக்கல" என்றாள் ரஹீமா. வாளிகளை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். "லாத்தா, பெரிய வாளி விருந்தாளுக்கு, சின்னது எங்களுக்கு. நாலு மணிக்கு வாரேன்" என்று போய்விட்டாள். அவ்வளவுதான். இத்தனை நாளாக நாங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு வெந்தது இதற்குத்தான்.

இவர் குடித்தார். மெதுவாக, வாய் வாயாக. கை நடுங்கவில்லை. சட்டை நனையவில்லை. யாரும் தாடையைப் பிடித்து ஊற்றவில்லை. கடைசி வாயைக் குடித்துவிட்டுத் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்திருந்தது. அம்பத்தேழு வருஷம் ஒரு தடவைகூட விடாத இருபத்தேழு. நான் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"உப்பு சரியா இருக்கு."

"இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா?"

தம்ளரை நீட்டினார்.